நூற்றுக்கு நூற்றுப் பதினான்கு

பீளமேடு, கோவை
12-6-1993

அம்மணி ரங்கநாயகிக்கு, மாமா சுந்தரராஜுலு எழுதிக்கொள்வது.

இங்கே நானும் உன் அத்தையும் சுகம். ஈரோட்டு வெயில் தாங்கவில்லை என்று எழுதியிருந்தாய். நீ பாடம் நடத்துகிற கல்லூரி விடுதியில் மோராவது ஊற்றுகிறார்களா என்று அத்தை கேட்கச் சொன்னாள்.

விஷயத்துக்கு வருகிறேன். யாரிடமும் சொல்லாதே. நாலு வருஷம் முன்னால், வெளிநாட்டில் இரண்டு பேர் கண்ணாடிக் குடுவைத் தண்ணீரில் கரண்ட் விட்டு, சூரியனுக்குள் நடக்கிற அணுச்சேர்க்கையை அதற்குள்ளேயே நடத்திவிட்டோம் என்று சொன்னார்களே, அந்தப் பேப்பரை நீதான் எனக்குப் படித்துக் காட்டினாய். அவர்கள் விலை உயர்ந்த உலோகம் வைத்துச் செய்தார்கள். நான் முலாம் பூசுகிற பிளேட்டிங் கடையில் வாங்கிய நிக்கல் தகடு வைத்துச் செய்திருக்கிறேன். ஒரு எவர்சில்வர் வாளி, சுற்றிலும் தெர்மோகோல், உள்ளே சலவைச் சோடா கரைத்த தண்ணீர், இரண்டு தகடு. நம் பம்புப் பட்டறை பேட்டரி சார்ஜரிலிருந்து கரண்ட். ஞாயிற்றுக்கிழமைகளில் நானும், மோட்டாருக்குக் கம்பி சுற்றுகிற ஒயிண்டிங் அரங்கசாமியும் உட்கார்ந்து அளக்கிறோம். கரண்ட்டாக நூறு பங்கு உள்ளே போனால், சூடாக நூற்றுப் பதினான்கு பங்கு வெளியே வருகிறது. இருபத்திரண்டு தடவை பார்த்தாயிற்று.

"ஏனுங்க மொதலாளி, இந்தப் பதினாலு எங்கிருந்துங்க வருது?" என்று அரங்கசாமி கேட்டான். "என்ற அக்கா புள்ளை எம்.எஸ்சி. பிசிக்ஸு. கேட்டுச் சொல்றேன் இரு" என்று சொல்லியிருக்கிறேன். கேட்டாயிற்று. சொல்.

உன் மாமா

*

ஈரோடு
20-6-1993

மாமாவுக்கு ரங்கநாயகியின் வணக்கம்.

மோர் ஊற்றுகிறார்கள், அதில் மோரைத் தேட வேண்டியிருக்கிறது. அத்தையின் முழங்கால் வீக்கம் வடிந்ததா?

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். பதிலை என்னால் முடிந்தவரை நேராக எழுதுகிறேன். கரண்ட் தண்ணீரைப் பிரிப்பது அணுவைப் பிளப்பதாகாது. ஒட்டிக்கொண்டிருந்த அணுக்கள் விலகுகின்றன, அவ்வளவுதான். நீங்கள் தேடும் ஆற்றல் அணுவின் நடுவே இருக்கும் கருவில் இருக்கிறது. கரு என்பது சிறு துகள்கள் இறுகச் சேர்ந்த கட்டு. அவை இறுகும்போது ஆற்றலை வெளியே விடுகின்றன. விட்ட அளவுக்கு எடையும் குறைகிறது. நான்கு ஹைட்ரஜன் கருக்கள் சேர்ந்து ஒரு ஹீலியம் கரு ஆனால், ஆயிரத்தில் ஏழு பங்கு எடை குறைந்திருக்கும். அந்த ஏழு பங்குதான் நம் மேல் வெயிலாக விழுகிறது.

சேர்ந்தால் ஆற்றல் வரும் என்றால், பிளந்தால் எப்படி வரும் என்று கேட்பீர்கள். குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்கினாலும் சமவெளி. வால்பாறையிலிருந்து ஆழியாறுக்கு இறங்கினாலும் சமவெளி. கருக்களும் அப்படித்தான்: ஒரு மலையில் ஹைட்ரஜன் போன்ற லேசான கருக்கள் இருக்கின்றன. எதிர் மலையில் யுரேனியம் போன்ற கனமானவை. நடுவில், எல்லாவற்றையும்விட இறுகிப்போய், இரும்பு. லேசானவை சேர்ந்தபடி இரும்பை நோக்கி இறங்குகின்றன. கனமானவை பிளந்தபடி இரும்பை நோக்கி இறங்குகின்றன. எந்தப் பக்கம் இறங்கினாலும் ஆற்றல் கிடைக்கும். யுரேனியப் பக்கம் சரிவு குறைவு, ஆயிரத்தில் ஒரு பங்குதான். உங்கள் நிக்கல் ஏற்கெனவே அடிவாரத்தில், இரும்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது; அது இறங்க இடமில்லை.

எனக்குப் புரியாதது ஒன்று. ஹைட்ரஜன் கருக்கள் ஒன்றையொன்று கடுமையாகத் தள்ளும். சூரியனின் நடுவில் ஒன்றரைக் கோடி டிகிரிச் சூட்டில்தான் அவற்றில் சில நெருங்கிச் சேர்கின்றன. உங்கள் வாளியில் எண்பது டிகிரி இருக்குமா? அங்கே அவை எப்படி நெருங்கின?

எந்த மீட்டரில் அளந்தீர்கள் என்றும் எழுதுங்கள்.

உங்கள்
ரங்கநாயகி

*

பீளமேடு
4-7-1993

அம்மணிக்கு மாமாவின் ஆசிகள்.

அத்தைக்கு முழங்கால் பரவாயில்லை. படி ஏறும்போது மட்டும் என்னைத் திட்டுகிறாள்.

மலை உதாரணத்தை அரங்கசாமிக்குப் படித்துக் காட்டினேன். "அப்படீன்னா ஒருக்கா எறங்கறது, மறுக்கா பஸ்ஸேறி மேல போறது, மறுக்கா எறங்கறது, இப்படியே செஞ்சுபோட்டா கரண்ட் பில்லே வராதுங்களே!" என்றான். எனக்கும் அதே எண்ணம்தான். பிளந்தாலும் வரவு, சேர்த்தாலும் வரவு என்றால், மாற்றி மாற்றிச் செய்துகொண்டே இருக்கலாமே?

எப்படி நெருங்கின என்று கேட்டாய். நிக்கலுக்குள் ஹைட்ரஜன் புகுந்துகொள்கிறது. நெருக்கடியான பஸ்ஸில் ஆள் ஆளோடு ஒட்டவில்லையா? மீட்டர் சார்ஜரிலேயே இருக்கிற வோல்ட், ஆம்பியர் இரண்டும்தான். பத்து வருஷமாகப் பார்க்கிறேன், முள் பொய் சொன்னதில்லை.

இப்போது முக்கியமானது. போன வாரம் கிணத்துக்கடவிலிருந்து ஒரு தோப்புக்காரர் வந்தார். மூன்றாவது தடவையாக மோட்டார் எரிந்திருக்கிறது. வோல்டேஜ் இல்லை, கரண்ட் வருகிற நேரமும் தெரியவில்லை. "நீங்க நல்ல பம்பு செய்றீங்க. அதைச் சுத்த வைக்கக் கரண்டையும் நீங்களே செஞ்சு குடுத்துருங்க" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தீபாவளியோடு பம்பு வேலையை நிறுத்தப்போகிறேன். மூன்று லேத் மெஷினையும் விலைக்குக் கொடுத்துவிட்டு, பதினொரு ஆட்களையும் இந்த வாளி வேலையில் இறக்கப்போகிறேன். டிசம்பர் 5-ஆம் தேதி நம் ஊர்ப் பம்புக்காரர்கள் நாற்பது பேரைக் கூப்பிட்டு அறிவிப்பேன்.

அறிக்கை இத்துடன் இருக்கிறது. கடைசிப் பக்கத்தில் உன் பெயரும் படிப்பும் போட்டிருக்கிறேன். கையெழுத்துப் போட்டு அனுப்பு. நான் ஒன்பதாவது வரை படித்தவன். நான் சொன்னால் சிரிப்பார்கள், நீ சொன்னால் கேட்பார்கள்.

உன் மாமா

*

ஈரோடு
15-7-1993

மாமாவுக்கு வணக்கம்.

நான் நன்றாக இருக்கிறேன். இரண்டு நாளாக மழை; விடுதி மொட்டைமாடியில் காயப்போட்ட துணியெல்லாம் மறுபடி நனைந்தது.

அரங்கசாமி அண்ணனிடம் சொல்லுங்கள்: பஸ் மேலே ஏற டீசல் யார் போடுவது? இறங்கும்போது கிடைத்தது முழுவதும் ஏறுவதற்கே சரியாகப் போய்விடும். சேர்ந்த கருவைத் திரும்பப் பிரிக்க வேண்டுமானால் அது விட்ட ஆற்றலை அப்படியே திருப்பிக் கொடுக்க வேண்டும். அதனால்தான் ஹைட்ரஜனைச் சேர்க்கத்தான் பார்க்கிறார்கள், யுரேனியத்தைப் பிளக்கத்தான் பார்க்கிறார்கள். மாற்றிச் செய்தால் நஷ்டம்.

நெருக்கடிப் பஸ்ஸில்கூட இரண்டு பேருக்கு நடுவே சட்டைத் துணியாவது இருக்கும். நிக்கலுக்குள் ஹைட்ரஜன் கருக்களுக்கு நடுவே இருக்கும் தூரம், அவை சேரத் தேவையான தூரத்தைப் போலப் பல ஆயிரம் மடங்கு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வாளியில் கூடுதலாக வந்த சூடு இருபது, முப்பது வாட் இருக்கும். அது கருக்கள் சேர்ந்து வந்தது என்றால், கூடவே கதிர்வீச்சும் வந்திருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைதோறும் வாளியை எட்டிப் பார்த்த நீங்கள் இருவரும் இன்று எழுந்து நடமாட முடியாது. நீங்கள் சுகமாக இருக்கிறேன் என்று எழுதுவதே அந்தக் கணக்குக்கு எதிர்ச் சாட்சி, மாமா.

கையெழுத்துப் போடவில்லை. அறிக்கையைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். தயவுசெய்து லேத்துகளைக் கொடுக்க வேண்டாம். பதினான்கு எங்கிருந்து வருகிறது என்று எனக்கு இன்னும் தெரியாது. கண்டுபிடிக்கிறேன்.

ரங்கநாயகி

*

பீளமேடு
5-8-1993

ரங்கநாயகிக்கு,

அனைவரும் நலம்.

உன் கடிதம் வந்தது. நான் சாகாததால் என் கணக்கு தப்பு என்று எழுதியிருக்கிறாய். அத்தைக்கு அந்த இடத்தைப் படித்துக் காட்டவில்லை.

உன் அம்மா போன பிறகு நீ இந்த வீட்டில்தான் வளர்ந்தாய் என்று சொல்லிக் காட்டுகிற ஆள் நான் இல்லை. அதனால் அதைப் பற்றி எழுதவில்லை. முப்பத்தோரு தடவை அளந்தாயிற்று. நூற்றுப் பதினான்கு. புத்தகத்தில் இல்லாதது வாளியில் வந்தால் வாளியின் குற்றமா?

அழைப்பிதழ் அச்சுக்குப் போய்விட்டது. உன் கையெழுத்து இல்லாமலும் கூட்டம் நடக்கும்.

சுந்தரராஜுலு

*

ஈரோடு
17-8-1993

அன்புள்ள மாமாவுக்கு,

அத்தைக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். உங்களுக்கு ரத்த அழுத்த மாத்திரை தீர்ந்திருக்கும், வாங்கினீர்களா?

போன கடிதத்தில் நான் விளையாட்டாக எழுதியது தவறு. மன்னியுங்கள். புத்தகத்தில் இல்லாதது வாளியில் வந்தால் வாளியின் குற்றமா என்று நீங்கள் கேட்டது சரிதான். அதனால் புத்தகத்தை மூடிவிட்டு வாளியைப் பற்றி மட்டும் யோசித்தேன்.

நம் பட்டறைக்கு ஒருவர் மோட்டார் ஓடவில்லை என்று வந்தால் நீங்கள் முதலில் மோட்டாரைப் பிரிக்க மாட்டீர்கள். அதைக் கழற்றிவிட்டு, அதே ஒயரில் நல்ல மோட்டார் ஒன்றை மாட்டச் சொல்வீர்கள். அதுவும் ஓடாவிட்டால் குறை லைனில். சிறு வயதிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தேன். வாளிக்கும் அதையே செய்யுங்கள். தகடுகளைக் கழற்றிவிட்டு, கரண்ட் அடுப்புக் கம்பி ஒன்றை மாட்டுங்கள். நல்ல தண்ணீர் ஊற்றுங்கள், சோடா வேண்டாம். வெறும் கம்பியில் எந்தக் கருவும் சேராது. நூறு போட்டால் நூறுதான் வர வேண்டும். அதிலும் கூடுதலாக வந்தால் குறை லைனில் இருக்கிறது.

என் சந்தேகம் சார்ஜர் மேல். அதிலிருந்து வரும் கரண்ட் குழாய்த் தண்ணீர்போல ஒரே சீராக வருவதில்லை. அடிபம்பில் வருவதுபோல் விட்டு விட்டு வருகிறது. முள் சராசரியைத்தான் காட்டும். ஒரு கணம் நான்கு ஆம்பியர், அடுத்த கணம் ஒன்றுமில்லை என்றால் முள் இரண்டு என்று சொல்லும். ஆனால் ஆம்பியர் இரட்டித்தால் கம்பியில் சூடு நான்கு மடங்காகும். நான்கு ஆம்பியர் ஓடும்போது சூடு பதினாறு, ஓடாதபோது பூஜ்யம், சராசரி எட்டு. முள் காட்டிய இரண்டை நம்பினால் நான்கு என்றுதான் கணக்குப் போடுவோம். உங்கள் சார்ஜரில் வித்தியாசம் இவ்வளவு இருக்காது. நூற்றுக்கு இருபது இருக்கலாம்.

முள் பொய் சொல்லவில்லை, மாமா. நாம் கேட்டது ஒன்று, அது சொன்னது வேறொன்று.

லாரி பேட்டரி இரண்டைத் தொடராக இணைத்தும் ஒரு தடவை பாருங்கள். அது சீரான கரண்ட். என்ன வந்தாலும் எழுதுங்கள். நான் சொன்னது தப்பென்றால் அறிக்கையில் கையெழுத்துப் போடுகிறேன்.

ரங்கநாயகி

*

ஈரோடு
2-10-1993

அன்புள்ள மாமாவுக்கு,

நலமாக இருக்கிறீர்களா? ஒன்றரை மாதமாகக் கடிதம் இல்லை. அத்தையின் கையெழுத்தில் ஒரு வரி வந்தாலும் போதும். ஆயுத பூஜைக்கு வரலாமா என்று கேட்கத்தான் எழுதுகிறேன். வேண்டாம் என்றாலும் எழுதுங்கள்.

ரங்கநாயகி

*

கோவை
30-10-1993

மதிப்புக்குரிய அம்மணிக்கு ஒயிண்டிங் அரங்கசாமி எழுதறதுங்க.

நாங்க சௌக்கியம். நீங்களும் சௌக்கியமா இருக்கோணும். மொதலாளிக்குத் தெரியாம இந்தக் கார்டு போடறேனுங்க. உங்க காயிதம் ஆவணியில வந்த அன்னிக்கே மொதலாளி ஷெட்டைச் சாத்திக்கிட்டு, அடுப்புக் கம்பியை வெச்சு என்னமோ பண்ணினாருங்க. என்னையும் உள்ள உடலை. சாயந்திரம் வெளிய வந்தவரு, "அரங்கா, ஊட்டுக்குப் போ"ன்னாரு. மறுநாளும் தனியாவே உள்ள இருந்தாருங்க. அதுக்கப்புறம் வாளியைத் தொடறதும் இல்லை, லேத்துக்கிட்ட வாரதும் இல்லைங்க. ஆளுங்க சும்மா உக்காந்திருக்கோம். கிணத்துக்கடவுக்காரரு ரெண்டு தடவை வந்து போயிட்டாரு. கூட்டத்தை நிறுத்தறதான்னு கேட்டா, "அழைப்பிதழ் குடுத்தாச்சு"ங்கறாரு. அங்க என்ன பேசப் போறாருன்னு தெரியலைங்க. நீங்க ஒரு வார்த்தை எழுதுங்க அம்மணி.

*

ஈரோடு
8-11-1993

அன்புள்ள மாமாவுக்கும் அத்தைக்கும்,

தீபாவளி வணக்கம். எனக்குச் சளி பிடித்து விட்டுவிட்டது.

டிசம்பர் 5-ஆம் தேதி நான் கோவையில் இருக்க முடியாது. அந்த வாரம் முழுக்க மாணவிகளோடு பவானியில் முகாம். இல்லாவிட்டால் கூட்டத்துக்கு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பேன்.

கம்பியைப் பற்றி நான் கேட்கப் போவதில்லை. ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். சூரியனை வாளிக்குள் கொண்டுவர நினைத்ததை நான் ஒருபோதும் கேலியாக எண்ணியதில்லை. எங்கள் கல்லூரியில் அணுக்கருச் சேர்க்கையைப் பத்து மதிப்பெண் கேள்வியாக நடத்துகிறோம். அதை யாராவது செய்து பார்க்கலாமே என்று இங்கே ஒருவருக்கும் தோன்றியதில்லை, எனக்கும்தான்.

அங்கே நீங்கள் என்ன பேசினாலும் நான் உங்கள் அக்கா மகள்தான்.

ரங்கநாயகி

*

பீளமேடு
9-12-1993

அன்புள்ள அம்மணிக்கு மாமா எழுதுவது.

சுகமாக இருக்கிறேன். மாத்திரை வாங்கிவிட்டேன்.

உன் கடிதம் வந்த அன்றே கம்பியை மாட்டிப் பார்த்தேன். நூற்று இருபத்தொன்று. என் அணுச்சேர்க்கையைவிட அடுப்புக் கம்பி ஏழு பங்கு அதிகமாகக் கொடுத்தது. தகடு வைத்தால் தண்ணீர் பிரிந்து கொஞ்சம் ஆற்றல் வாயுவாகப் போய்விடுகிறது போலிருக்கிறது. மறுநாள் லாரி பேட்டரி. கம்பிக்குத் தொண்ணூற்றெட்டு. தகடுகளுக்குத் தொண்ணூற்றொன்று. மூன்று தடவை செய்தேன். முப்பத்தோரு தடவை தப்பாக அளந்தவன், மூன்று தடவையில் முடித்துவிட்டேன்.

அதை உனக்கு எழுத எனக்குக் கை வரவில்லை. இன்னொன்றையும் எழுதாமல் விட்டேன். ஒரு லேத்தை ஆடி மாதமே கொடுத்துவிட்டேன். கொடுக்க வேண்டாம் என்று நீ எழுதிய கடிதம் வருவதற்கு இரண்டு நாள் முன்னால்.

காய்ச்சல் என்று சொல்லிக் கூட்டத்தைத் தள்ளிவிடலாம் என்று பலமுறை நினைத்தேன். உன் அத்தைதான், "நாப்பது பேரைக் கூப்புட்டுட்டுப் படுத்துக்கற ஆளா நீங்க?" என்றாள். சரி என்று போனேன். வாளி, சார்ஜர், கம்பி, பேட்டரி எல்லாவற்றையும் மேடையில் வைத்து எதிரிலேயே அளந்து காட்டினேன். நூற்றுப் பதினான்கு வந்ததும் கை தட்டினார்கள். "இருங்க, கையைக் கீழ போடுங்க" என்று சொல்லிவிட்டுக் கம்பியை மாட்டினேன்.

முதலில் எழுந்தது கண்ணையாதான். நம் பட்டறைக்கு எதிரில் பம்பு செய்கிறானே, அவன். "ஏனப்பா ராஜுலு, சூரியனைக் காட்டறேன்னு கூப்புட்டுப்போட்டு, அடுப்புக் கம்பியைக் காட்டறே. இதுக்கு மத்தியானச் சாப்பாடு வேறயா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். "சாப்பாடு நிசம் கண்ணையா, அதுல மீட்டர் இல்லை" என்றேன். இன்னும் சிரித்தார்கள். ஆனால் முழுவதும் சொல்லி முடித்துத்தான் இறங்கினேன். ஏன் தப்பாச்சு, எத்தனை தப்பாச்சு, யார் கண்டுபிடித்தார்கள், எல்லாம். நிசமான சேர்க்கைக்கு ஒன்றரைக் கோடி டிகிரி வேண்டும் என்று உன் கணக்கையும் சொன்னேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு கண்ணையா தனியாக வந்து, "என்ற சார்ஜரும் அப்படித்தான் காட்டுதா?" என்று மெதுவாகக் கேட்டான். ஆமாம் என்றேன். முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. அவனும் எதையோ அதில் அளந்து வைத்திருக்கிறான், சொல்ல மாட்டேன் என்கிறான்.

திங்கட்கிழமை பட்டறை திறந்தோம். இரண்டு லேத்தோடுதான். கிணத்துக்கடவு பம்புகள் இந்த வாரம் போகின்றன. குறைந்த வோல்டேஜிலும் எரியாத ஒயிண்டிங் ஒன்றை அரங்கசாமி சுற்றிப் பார்க்கிறான். அதை மூன்று மீட்டரில் அளக்கச் சொல்லியிருக்கிறேன்.

உன் மாமா

*

ஈரோடு
20-12-1993

அன்புள்ள மாமாவுக்கு,

முகாம் முடிந்து வந்தபோது உங்கள் கடிதம் மேசையில் இருந்தது. நின்றபடியே படித்தேன், பிறகு உட்கார்ந்து ஒரு முறை. அத்தைக்கு என் வணக்கம்.

லேத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். என் கடிதம் மூன்று நாள் முன்னாலேயே வந்திருக்கலாம். அதைத் தபாலில் போடாமல் என் பெட்டியில் மூன்று நாள் வைத்திருந்தேன், உங்களுக்கு வலிக்குமே என்று. அதை நானும் உங்களிடம் சொல்லவில்லை.

ஒரு கேள்வி. பிப்ரவரியில் எங்கள் துறையில் மாணவிகளுக்கு ஒரு கூட்டம் வைக்கிறோம். அணுப்பிளவு, அணுச்சேர்க்கை பற்றிப் பேச ஆள் கேட்டார்கள். படத்தோடு பேசப் பலர் இருக்கிறார்கள். தானே அளந்து, தானே தவறி, அதை நாற்பது பேர் முன்னால் பிரித்துக் காட்டிய ஒருவரை இந்தப் பெண்கள் பார்த்ததில்லை. துறைத் தலைவியிடம் உங்கள் பெயரைக் கொடுத்துவிட்டேன். என்ன படித்திருக்கிறார் என்று கேட்டார்கள். ஒன்பதாவது என்றேன். சற்று யோசித்துவிட்டுச் சரி என்றார்கள்.

வருவீர்களா?

ரங்கநாயகி

*

பீளமேடு
3-1-1994

அம்மணிக்கு மாமாவின் ஆசிகள்.

நலம். அத்தையும் கூட வருகிறாளாம், விடுதி மோரை நேரில் பார்க்க வேண்டுமாம்.

காலை ரயிலில் வருகிறேன். வாளியும் சார்ஜரும் நான் கொண்டுவருகிறேன். லாரி பேட்டரி இரண்டு நீ ஈரோட்டில் ஏற்பாடு செய், தூக்க முடியாது. மாலை, சால்வை எதுவும் வேண்டாம். அறிமுகம் செய்கிறவர்கள் என்னை விஞ்ஞானி என்று சொல்லக் கூடாது. பம்பு செய்கிறவர் என்றால் போதும்.

ஒரு நிபந்தனை. தப்பு எங்கே இருக்கிறது என்று நீ முன்னாடியே யாருக்கும் சொல்லிவிடாதே. நூற்றுப் பதினான்கை அந்தப் பிள்ளைகள் கொஞ்ச நேரம் நம்பட்டும்.

சுந்தரராஜுலு